கண்ணாடிக்குள் போன எழுத்துகள்

அந்தக் காலத்தில் சட்டி பானைக்கெல்லாம் வாய் இருந்தது. எழுத்துகளுக்கோ வாயோடு உடம்பும் இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு சின்னக் கட்டையாக, விசைப்பலகையில் தன் இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும். விரல் வந்து அமுக்கினால் உள்ளே போய் 'டக்' என்று குரல் கொடுத்துவிட்டு மேலே வரும். விரலுக்கு வழி தெரியும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. தட்டி முடித்த சொல் எந்த ஊருக்கானாலும் நொடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படி ஒரு பலகை சொர்ணக்கிளியின் வீட்டில் இருந்தது. அவள் புருஷன் தவசியப்பனுக்குத் தொண்டையில் நோய் வந்து குரல் போய்விட்டது. உதடு மட்டும்தான் அசையும். சொர்ணக்கிளி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை அவன் உதட்டிலேயே வைத்திருப்பாள். விரல்கள் தம்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். அவன் வாய் மூடும்போது அவன் சொன்னது போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

தம்பிக்குச் சொல்லுவான், சம்பந்திக்குச் சொல்லுவான். மாட்டைப் பற்றிச் சொல்லுவான், மழையைப் பற்றிச் சொல்லுவான். பெற்ற மகளுக்கு மட்டும் ஒரு சொல் சொல்ல மாட்டான். பொன்மலர் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப்பக்கம் போனவள். "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்று குரல் இருந்த காலத்தில் சொன்னவன்தான், அதற்குப் பிறகு அவள் பேரையே எடுக்கவில்லை. அப்படி ஒரு வீம்பு. அவளும் விடாமல் அம்மாவுக்குக் கேட்டு அனுப்புவாள்: "அப்பா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" சொர்ணக்கிளி புருஷன் முகத்தைப் பார்ப்பாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

நோய் முற்றியது. அவனுக்குத் தூக்கம் வருவதே பாடாக இருந்தது. கண்ணை மூடினால், விசாரித்தவர்களுக்குச் சொர்ணக்கிளி பதில் தட்டும் டக் டக் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்துக்கொள்வான். அந்தச் சமயம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தது கண்ணாடி. பளபளவென்று, மூக்கும் முழியும் இல்லாத மொழுக்கை முகம்.

"அக்கா, இதுங்க போடுற கூச்சல்ல மனுஷன் எப்படித் தூங்குவாரு? எல்லாத்தையும் எனக்குள்ள அனுப்பிடுங்க. தொட்டா போதும். ஒரு பொட்டுச் சத்தம் வராது. ஒண்ணே ஒண்ணு, உடம்பை மட்டும் வெளியே விட்டுட்டு வரணும்."

எழுத்துகளுக்கு ஒரே சந்தோஷம். "அடி வாங்கி அடி வாங்கி இடுப்பே ஒடிஞ்சு போச்சு, ஆத்தா. நாங்க போறோமே!" என்று குதித்தன. விரலுக்கு அடையாளமாக முதுகில் மரு உள்ள ஒரு கட்டை மட்டும் முனகியது. "உடம்பு இல்லேன்னா உன் விரல் எங்களை எப்படி ஆத்தா கண்டுபிடிக்கும்? நீ குனிஞ்சு தேடணும். அப்போ ஐயா உதட்டை யாரு பாக்குறது?"

சொர்ணக்கிளிக்குப் பல நாள் தூக்கமில்லாத எரிச்சல். "நீ வாயை மூடு! அவர் சித்த நேரம் கண்ணசந்தா எனக்கு அது போதும். எல்லாரும் போய்த் தொலைங்க."

சொன்னாள். அவ்வளவுதான். எழுத்துகள் உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. வெறும் கட்டைகளை அவள் கஷாய அடுப்பில் வைத்து எரித்தாள்.

வீடு அமைதியானது. தவசியப்பன் தூங்கவும் தூங்கினான். ஆனால் அவன் ஏதாவது சொல்லும்போது சொர்ணக்கிளியின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. விரல் வழுக்கியது. மேடும் இல்லை பள்ளமும் இல்லை, எதைத் தொட்டாலும் ஒன்றுபோல இருந்தது. குனிந்து ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்து நிமிர்வதற்குள் அவன் உதடு நாலு சொல் தாண்டிப் போயிருக்கும். "ஏங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள். அவனும் பொறுமையாகத் திரும்பச் சொல்லுவான். கண்ணாடி நடுவில் மூக்கை நுழைக்கும். "அக்கா, அவர் இதைத்தானே சொல்ல வந்தாரு? நானே எழுதிட்டேன்." அவன் சொன்னது மழையாக இருக்கும். இது எழுதியிருப்பது மாடாக இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் அவன் கையைத் தூக்கி அவளைக் கூப்பிட்டான். உதடு அசைந்தது. பொன்மலர்.

சொர்ணக்கிளிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனை வருஷம் காத்திருந்த பேர்! பதறிப்போய்க் கண்ணாடியை எடுத்தாள், குனிந்தாள். எங்கே அந்த எழுத்து? இதோ. இல்லை, அது பக்கத்து எழுத்து. அழித்தாள். மறுபடி தொட்டாள். உள்ளே கிடந்த எழுத்துகள், "ஆத்தா, நிமிர்ந்து பாரு! ஐயா பேசுறாரு, பாரு!" என்று கதறின. உடம்பு இல்லாததுகளுக்குக் குரல் ஏது? 'விர்ர்' என்று ஒரு நடுக்கம் மட்டும் அவள் விரலில் பட்டது. அவள் தேடிக்கொண்டேயிருந்தாள்.

"இருங்க, இருங்க, இன்னொரு தடவை..." என்று நிமிர்ந்தபோது உதடு நின்றுவிட்டது. கண் அவளையே பார்த்தபடி இருந்தது. அதில் உயிர் இல்லை.

"நீங்க சிரமப்பட வேணாம், அக்கா. நானே முடிச்சு அனுப்பிட்டேன்" என்றது கண்ணாடி. 'பொன்மலர், இங்கே எல்லாரும் நலம். பிறகு பேசலாம்.'

ஊரார் சொல்லி விஷயம் தெரிந்து மகள் ஓடிவந்தாள். அழுது ஓய்ந்தபின் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கடைசியா அப்பா என்ன சொன்னாரு?"

"உன் பேரைச் சொன்னாரு."

"அப்புறம்? வான்னாரா? வராதேன்னாரா?"

சொர்ணக்கிளியின் தலை தொங்கியது.

"நீ பக்கத்துலதானேம்மா இருந்தே?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்போ அவர் முகத்தைப் பாக்கலையா?"

தொங்கிய தலையை அவளால் தூக்க முடியவில்லை. மகள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, வந்த வழியே ஆற்றைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்று முதல்தான், கண்ணாடியைத் தொட்டு எழுதுகிறவர் யாரானாலும் குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறார், எதிரே இருந்தவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து எழுந்து போன பிறகுதான், "என்ன சொன்னே?" என்று கேட்கிறார்.