சாப்பிட்டேன் என்ற மீன்கொத்தி

ஒரு காட்டில் குளமும் உண்டு, ஏரியும் உண்டு. குளம் சின்னது. முழங்கால் ஆழம்கூட இருக்காது. அதில் ஓர் இளம் மீன்கொத்தி இருந்தது. பாய்ந்தால் மீனோடுதான் எழும். பெரிய ரோஷக்காரன்.

ஆழத் தண்ணீரிலும் மீன் பிடிக்கப் பழகட்டும் என்று அதைக் காட்டின் மறுகோடியில் இருந்த ஏரிக்கு அனுப்பினார்கள். தவளைகள் கூடி வழியனுப்பின. "நம்ம குளத்துப் பிள்ளைடா அது!" என்று கத்தித் தீர்த்தன. சத்தம் போடாமல் நின்றது அம்மா மட்டும்தான்.

ஏரியில் மீன்கொத்தி பாய்ந்தது. அலகில் தண்ணீர்தான் வந்தது. மறுநாளும் அப்படியே. யாரும் பார்க்கக் கூடாதென்று நாணல் மறைவுக்குப் போய்ப் பாய்ந்தது. அங்கேயும் தண்ணீர்தான்.

சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. நீங்களும் ஒருநாள் ஏரிக்குப் போவீர்கள்.

பக்கத்துப் பாறையில் ஓர் ஆலா இருந்தது. அதுவும் பாய்ந்து மீன் பிடிக்கிற பறவைதான், வெளியூர்தான். அதற்கும் மீன் சிக்கவில்லை. ஆனால் வெட்கமே கிடையாது.

"போச்சு! இன்னிக்கும் போச்சு! பசி உயிர் போகுது!" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தும்.

அந்த ஏரியில் வாழ்ந்த நீர்நாய் ஒன்று அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது. "அட மண்டு! ஆழத் தண்ணியில மீன் தெரியுற இடத்துல இருக்காது. அதுக்கும் கீழே இருக்கும். கீழே பார்த்துப் பாய்!"

ஆலா பாய்ந்தது. தவறியது. கத்தியது. மறுபடி பாய்ந்தது. சாயங்காலம் ஒரு கெண்டை சிக்கியது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே மீன்கொத்தியிடம் வந்தது.

"டேய், நீர்நாய் ஒரு சூட்சுமம் சொல்லுச்சு. உனக்கும் சொல்லட்டுமா?"

"எனக்கு எதுக்கு? நான் வயிறு முட்டத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கேன்."

"கெட்டிக்காரன்டா நீ!"

ஆலா நம்பிவிட்டது. பாதிக் கெண்டை கொடுக்கத்தான் வந்தது. முழுவதையும் தானே தின்றது.

குளத்துக்கும் ஏரிக்கும் போய்வரும் கொக்கு ஒன்று உண்டு. சொன்னதைச் சொல்லும். அதற்கு மேல் ஒரு சொல் பேசாது.

"உங்கம்மா கேட்கச் சொன்னா. சாப்பிட்டியா? முடியலைன்னா அவளே வந்துடுறாளாம்."

"எதுக்கு? தவளைங்க சிரிக்கவா? சாப்பிட்டேன்னு சொல்லுங்க, கொக்கு மாமா."

கொக்கு போய்ச் சொன்னது. அம்மா நிம்மதியாகத் தூங்கியது. அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில். குரல் மட்டும் சின்னதாகிக்கொண்டே போனது.

மழை பிடித்துக்கொண்டது. ஏரி கலங்கியது.

மழை விட்ட காலையில் கொக்கு வந்தது. மீன்கொத்தி நாணலடியில் கிடந்தது. ஓர் இலையின் கனம்கூட அதனிடம் இல்லை. பக்கத்தில் ஆலா நின்றது. அதன் காலடியில் ஒரு முழுக் கெண்டை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மடையா" என்றது ஆலா. கேட்கத்தான் ஆள் இல்லை.

கொக்கு குளத்துக்குத் திரும்பியது. அம்மா கிளை நுனிக்கு ஓடி வந்தது.

"சாப்பிட்டானா?"

சொன்னதை மட்டுமே சொல்லும் கொக்கு அது. அன்று யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

நீதி: பாய்ச்சல் தவறினால் வாய்விட்டுச் சொல், சொல்லிவிட்டு மறுபடி பாய்.