காரணம் எழுதும் கட்டம்

"எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் திறக்க மாட்டேங்கு, குருவே?" என்று கேட்டார் அருமைநாயகம்.

குரு என்றது இசக்கியம்மாளை. அவரைவிட இருபது வயது இளையவள். அந்த மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகள் எல்லாம் ஓர் இணையச் செயலியில் இருந்தன. யார் எதைப் பார்க்கலாம் என்பது அவள் பொறுப்பு. மருந்துக் கிடங்கிலிருந்து அவளிடம் வேலை கற்க வந்தவர், கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். அது அப்படியே நின்றுவிட்டது.

ஏதோ கோளாறு என்று வார்டிலிருந்து கூப்பிடுவார்கள். இவர் போய்த் தொட்டால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வரும். நர்சுகள் சிரிப்பார்கள். பழுது பார்க்க வந்தவனை வாசலிலேயே நிறுத்துகிற வீடு உண்டா என்று பொரிந்து தள்ளினார்.

இசக்கியம்மாள் தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு நோயாளியின் பதிவைத் தொட்டாள்.

'உங்களுக்கு அனுமதி இல்லை.'

"நீங்க போட்ட பூட்டு. உங்களுக்கே சாவி இல்லையா?"

அவள் அனுமதி கேட்கும் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். அதில் ஒரே ஒரு கட்டம். காரணம்.

அவர் யோசிக்கவேயில்லை. 'வசதிக்காக' என்று அடித்தார்.

"நீங்க எந்த நோயாளியோட பதிவைத் திறந்தாலும், அந்த நோயாளி அதுல உங்க பேரையும் இந்தக் காரணத்தையும் படிக்கலாம், அண்ணாச்சி. அனுமதி வேண்டாம்னா நீங்களே எடுத்துப் போட்டிரலாம். திரும்ப வேணும்னா மறுபடி எழுதணும். போதுமா?"

"தாராளமாப் போதும்."

கொடுத்துவிட்டாள்.

மறுநாள் நிர்வாகி வந்தார்.

நர்ஸ் ஜெபக்கனி அந்த நிர்வாகிமேல் புகார் கொடுத்திருந்தாள். விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அங்கேயே மனநல மருத்துவரிடம் காட்டி வந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது. அந்தப் பதிவு மட்டும் கையில் கிடைத்தால், புத்தி பேதலித்தவள் ஏதோ உளறுகிறாள் என்று முடித்துவிடலாம்.

இசக்கியம்மாளிடம் கேட்டார். தனக்கும் அனுமதி இல்லை என்று அவள் தன் திரையைக் காட்டினாள். அவர் அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"உமக்கு அனுமதி இருக்குல்லா. திறயும்."

அதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று இவர் இழுத்தார்.

திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்ததை நிர்வாகி குனிந்து படித்தார். சிரித்தார்.

"வசதிக்காகன்னுதானே ஓய் வாங்கியிருக்கீரு? எனக்கும் கொஞ்சம் வசதி செஞ்சு தாரும்."

அருமைநாயகத்துக்குக் காது சுட்டது. குருவைப் பார்த்தார்.

முடியாது என்றால் மறுபடி மருந்துக் கிடங்குதான். அதுவும் மிஞ்சினால்.

தன் பெயரைத் தொட்டார். 'நீக்கு' என்றிருந்ததை அழுத்தினார். பிறகு, நிர்வாகி பார்க்கும்படி, ஜெபக்கனியின் பதிவைத் தொட்டார்.

'உங்களுக்கு அனுமதி இல்லை.'

"என்ன செஞ்சீரு?" நிர்வாகியின் குரல் தாழ்ந்தது. "திரும்ப வாங்கும். இப்பவே."

"வாங்கிரலாம் சார்."

அருமைநாயகம் அந்தக் கட்டத்தைத் திறந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல்களை விசைகள்மேல் வைத்துக்கொண்டார்.

"காரணத்தை நீங்க சொல்லுங்க. அந்தப் பிள்ளையும் படிக்கும். ஒரு எழுத்து மாத்தாம அடிக்கேன்."