தையல் பிரித்த கண்

குன்றின் மேல் ஒரு குடில் இருந்தது. அதில் இருவர் இருந்தார்கள். குரு பொன்னம்மை. சீடர் மாசிலாமணி, குருவைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பு கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர். இவர்களைத் தவிர ஒரு பூனையும் அதன் குட்டியும்.

பேச்சு அதிகம் இல்லை. சில நாட்களில் அடுப்பின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

குட்டி கண் திறந்த சில நாளிலேயே, முள் கீறி இடக் கண் புண்ணாகிவிட்டது. மாசிலாமணி மருந்து விட்டார். புண்ணில் எதுவும் படாதிருக்க இமைகளைச் சேர்த்து இரண்டு தையல் போட்டார். ஓரத்தில் சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே அடிக்கடி பார்த்துக்கொண்டார். புண் ஆறியது. விழியில் ஒரு வெள்ளைக் கறை மட்டும் நின்றது.

“பிரித்துவிடலாமே” என்றார் குரு.

“கறை முழுக்கப் போகட்டும் அம்மா. அரைகுறையாகத் திறப்பானேன்?”

குட்டி வளர்ந்தது. ஒற்றைக் கண்ணோடு பல்லி பிடித்தது.

ஒரு காலை பால்காரர் செய்தி கொண்டுவந்தார்.

“சாமி, உங்க தம்பி கந்தவேலு சொல்லி அனுப்பினாரு. செங்கமலத்துக்கு வைகாசியில கல்யாணமாம். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடச் சொன்னாரு.”

மாசிலாமணி பால் செம்பை வாங்காமல் நின்றார்.

“நல்ல சேதிதானே சாமி? மாடு காணாமப் போனவன் மாதிரி நிக்கிறீங்க!” என்று சிரித்துவிட்டு, செம்பைத் தரையில் வைத்துப் பால்காரர் இறங்கிப் போனார்.

மாசிலாமணி குருவிடம் வந்தார்.

“செங்கமலம் என் மகள் அம்மா. அவளைப் பெற்றதும் அவள் தாய் இறந்துவிட்டாள். தலை நிற்காத குழந்தையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அன்று என் மனம் இருந்த இருப்பில் ஒரு குழந்தையைத் தூக்கவே பயமாக இருந்தது. தெளிந்ததும் திரும்புவேன் என்றுதான் போனேன்.”

“தெளிந்துவிட்டதா?”

“இப்போது தெளிந்திருக்கிறது. மணவறையில் அப்பன் நிற்க ஓர் இடம் உண்டு. அங்கே நான் நிற்க வேண்டும். போகட்டுமா?”

“முதலில் குட்டியின் தையலைப் பிரியுங்கள்.”

அவர் இடைவெளி வழியே பார்த்தார். கறை இல்லை. நூலை வெட்டினார். இமை விரிந்தது. கழுவி வைத்த கண்ணாடிபோல் இருந்தது விழி.

“பாருங்கள் அம்மா! ஒரு பொட்டு இல்லை.”

“அந்தக் கண்ணால் நடக்கட்டும்.”

அவர் நல்ல கண்ணைத் துணியால் கட்டிக் குட்டியைத் தரையில் விட்டார். நாலு அடி வைத்து அது அம்மியில் முட்டிக்கொண்டது. விழிக்கு நேரே கையை ஆட்டினார். இமைக்கவில்லை. விளக்கை அருகே கொண்டுவந்தார்.

“வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குகிறது. கண்ணில் குறையே இல்லை.”

“பிறகு ஏன் முட்டிக்கொண்டது?”

மாசிலாமணி விளக்கைக் கீழே வைத்தார்.

“எங்கள் டாக்டர் ஒருமுறை சொன்னார். நான் நினைத்துப் பார்க்கவில்லை.”

“என்ன சொன்னார்?”

“பிறக்கும்போதே கண் முழுதாகிவிடுவதில்லை. அதன் நரம்பெல்லாம் பிறந்த பிறகும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு கண்ணிலிருந்தும் மூளைக்குச் செய்தி போகிறது. போகப் போகத்தான் அங்கே ஒவ்வொரு கண்ணுக்கும் இடம் உறுதியாகிறது. அந்த நாட்களில் ஒரு கண் மூடிக் கிடந்தால்…”

“கிடந்தால்?”

“அதன் இடமும் மற்றக் கண்ணுக்குப் போய்விடும்.”

“பிடுங்கிக்கொள்ளுமா?”

“இல்லை அம்மா. யாரும் வராத இடம். வந்தது உட்கார்ந்துகொள்ளும்.”

குட்டி நின்ற இடத்திலேயே கத்தியது.

“இனி வழி இல்லையா?” என்றார் குரு.

“நல்ல கண்ணை இப்படியே பல நாள் கட்டிவைத்தால், இது கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். இன்னும் குட்டிதானே.”

“வளர்ந்துவிட்டால்?”

“கஷ்டம்.”

குட்டி முன்காலை நீட்டித் தரையைத் தடவியது. தாய் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, அது வேறு பக்கம் திரும்பி அழுதது. மாசிலாமணி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துணியை அவிழ்த்தார். குட்டி நேரே தாயிடம் ஓடியது.

வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது.

“செங்கமலம் தம்பியைத்தான் அப்பா என்று கூப்பிடுவாள்” என்றார் மாசிலாமணி.

குரு பால் செம்பை எடுத்து அடுப்பருகே வைத்தார்.

“அப்படியானால் நான் போகக் கூடாதா?”

“ஏன்? சொல்லி அனுப்பியிருக்கிறார்களே. போங்கள்.”

“போய் எங்கே நிற்பேன் அம்மா?”

“நிற்க வேண்டாம். பந்தலில் நாற்காலி போட்டிருப்பார்கள். அவள் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள்.”