ஏத்து, வந்தாச்சு

மலையடிவாரத்தில் யானை நடமாடும் இடம். அதனால் பேச்சியம்மாள் வீடு பனை உயரத் தூண்களின் மேல் இருந்தது. மனக்குறைக்கு வழி கேட்டு வருகிறவர்கள் அவளை அம்மா என்பார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்ற ஆவுடையப்பனும் அப்படித்தான் கூப்பிட்டார். அவளைவிட அவர் பத்து வயது மூத்தவர்.

மனைவி கோமதி போய்ச் சேர்ந்து ஆறு மாதம். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. மனுஷனுக்கு அங்கே இருப்புக் கொள்ளாமல் இவளைத் தேடி வந்துவிட்டார்.

"தனியா இருக்கப் பழகணும்மா. வழி சொல்லுங்க."

"மழைக்கு முன்னே விறகை மேலே ஏத்தணும், அண்ணாச்சி. ஒவ்வொரு கட்டா கயித்துல கட்டிட்டு 'ஏத்து'ன்னு குரல் கொடுங்க. நான் இழுக்கேன். மேலே வந்ததும் 'வந்தாச்சு'ம்பேன்."

இரண்டு நாள் அப்படியே நடந்தது. ஏத்து. வந்தாச்சு. ஏத்து. வந்தாச்சு. ஆவுடையப்பனுக்கோ கூச்சம் பிடுங்கித் தின்றது. ஒரு பொம்பளையை நிமிஷத்துக்கு ஒரு தரம் தொந்தரவு செய்வதா?

மூன்றாம் நாள் விறகைத் தலையில் வைத்து ஏணியில் ஏறிப் பார்த்தார். நாலாவது படியிலேயே முட்டி மக்கர் பண்ணியது. நாலாம் நாள் டவுனுக்குப் போய் இரண்டு கப்பி வாங்கி வந்து மேலே மாட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, தொழில் தெரிந்த கை. கீழே நின்று ஒரு கயிற்றை இழுத்தால் கட்டு மேலே போனது. இன்னொரு கயிற்றைச் சுண்டினால் கொக்கி கழன்று தளத்தில் சாய்ந்தது. சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு கட்டுதான் பாக்கி. அன்றைக்கு முழுக்க யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேலே ஏறி வந்தவருக்குப் பேச்சியம்மாள் கஞ்சி ஊற்றினாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க."

"எங்க வீட்டு மாடிக்கும் போட்டிருக்கேம்மா" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக. "துணி வாளியைத் தூக்கித் தரச் சொல்லி, எப்பப் பாரு 'ஏங்க, ஏங்க'ம்பா கோமதி. நிம்மதியா பேப்பர் படிக்க முடியாது. கப்பி போட்டுக் கொடுத்தேன். அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல."

"எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"கடைசியிலயுமா?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மாடியிலதான் விழுந்திருக்கா. எவ்வளவு நேரம் கிடந்தாளோ. நான் கீழே பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேம்மா. கூப்பிடலையே, பாவி. ஒரு வார்த்தை கூப்பிடலையே."

தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பேச்சியம்மாள் தேற்றவில்லை. அழுது ஓயட்டும் என்று இருந்தாள். பிறகு எழுந்து போய்க் கப்பிகளைக் கழற்றினாள். பழைய கயிற்றைக் கீழே விட்டாள்.

"ஒரு கட்டு பாக்கி இருக்கு, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் இறங்கினார். கட்டைக் கயிற்றில் கட்டினார். அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கயிற்றை லேசாக அசைத்துக் காட்டினார்.

மேலேயிருந்து யாரும் இழுக்கவில்லை.

"தனியா இருக்க உங்களுக்கு ஏற்கெனவே நல்லாத் தெரியும்" என்றாள் பேச்சியம்மாள். "நீங்க கூப்பிடாம நான் இழுக்க மாட்டேன்."