எருமைகள் போன குளம்

செம்மணல் மேட்டுக்குக் கீழே ஒரு சுனைக்குளம். அதில் பவளம் என்று ஒரு நீர்க்கோழி குடியிருந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு. நெற்றியில் மட்டும் யாரோ குங்குமம் வைத்து அனுப்பியதுபோலச் சிவப்பு.

அந்தக் குளத்தை நம்பிப் பிழைத்தவர்கள் பலர். மீன்கொத்தி நீலமணிக்கு அதில் மீன். ஆமை சட்டியப்பனுக்குப் பாசி. மேட்டுச் சரிவில் குடியிருந்த முயல் நெட்டைக்காதனுக்கும் அவனுடைய பெரிய குடும்பத்துக்கும் கரைப் புல்லும் காட்டுச் சாமையும். எருமைகளுக்கோ சேறு போதும்.

எருமைக் கூட்டத்துக்குத் தலைவி கரியாத்தா. உச்சி வெயில் ஏறியதும் அவள் முன்னே வருவாள். மற்றவை பின்னே வரும். குளத்தின் நடுவில் எப்போதும் ஒரே இடத்தில் தொப்பென்று விழுந்து புரளும். சாயங்காலம் உடம்பெல்லாம் சேற்றை அப்பிக்கொண்டு மணல் சரிவில் மெல்ல ஏறிப் போகும். காய்ந்த சேறு வழியெல்லாம் பொலபொலவென்று உதிரும். சாணமும் விழும். அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

ஒருநாள் பவளத்தின் குடி கெட்டது. நடுக்குளத்துக் கோரை குளுமையாக இருக்கிறதே என்று அவள் அங்கே கூடு கட்டி முட்டையிட்டிருந்தாள். எருமைகள் இறங்கின. அலை எழும்பியது. கூடு சாய்ந்தது. முட்டைகள் ஒவ்வொன்றாக உருண்டு தண்ணீருக்குள் போயின.

"ஐயோ, என் பிள்ளைகளே!" என்று பவளம் இறக்கையால் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எருமைகள் கண்ணை மூடிச் சுகமாகக் கிடந்தன.

நீலமணி கிளையிலிருந்து இறங்கி வந்தான். "அழாதீங்க மதினி! இந்த எருமைகளால எனக்கும் ஒரே தொல்லை. தண்ணியைக் கலக்கிக் கலக்கி ஒரு மீன்கூட கண்ணுக்குத் தெரியல. நாளைக்கு எல்லாருமா சேர்ந்து நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டு விரட்டிடுவோம்!"

"கேட்டா மட்டும்? எருமை மேல மழை பெஞ்ச மாதிரிதானே நிக்கும்!" என்றான் நெட்டைக்காதன். "அதுகளுக்கு எங்க உறைக்கப் போகுது?"

"உறைக்காதுல்ல? அப்ப எவ்வளவு வேணும்னாலும் திட்டலாம்!" என்றான் நீலமணி.

மறுநாள் கரையில் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"ஏ சேத்துப் பொதி! உனக்குக் குளிக்க வேற இடமே கிடைக்கலையா?" என்று நீலமணி ஆரம்பித்தான்.

"வயித்தைப் பாரு, வண்ணான் மூட்டை மாதிரி! நீ இறங்கினா குளமே ஒரு முழம் ஏறுது!" என்றான் நெட்டைக்காதன். அவன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

கரியாத்தா அசைபோட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பவளம் முன்னே வந்தாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "உனக்குத் தோல்தான் இருக்கு, மனசு இல்ல! உன் உடம்பு பட்டாலே இந்தத் தண்ணி அசிங்கம். எங்க கண்ணுல முழிக்காத!"

கரியாத்தா அசைபோடுவதை நிறுத்தினாள். எருமை அசைபோடுவதை நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை. அவள் கோரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் சரிவில் ஏறினாள். கூட்டம் முழுவதும் அவள் பின்னே போனது.

ஆமை சட்டியப்பன் இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் வம்பு எதற்கு என்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான். அதுவும் ஒரு தப்புதான்.

எருமைகள் போனபின் தண்ணீர் தெளிந்தது. கண்ணாடி தோற்றது! நீலமணி மீன் பிடித்த நேரம் போக மீதி நேரம் தன் அழகையே பார்த்துக்கொண்டிருந்தான். பவளம் அதே நடுக்குளத்துக் கோரையில் மறுபடியும் கூடு கட்டினாள். ஆண்டவன் அவளுக்கு மூன்று குஞ்சுகளைக் கொடுத்தான். மூன்றும் கறுப்புப் பஞ்சுருண்டைகள். பார்த்துப் பார்த்து அவளுக்குப் பசியே எடுக்கவில்லை.

ஆனால் வெயில் ஏறஏறச் சரிவுப் புல் கருகத் தொடங்கியது. மணலுக்கு ஏது ஈரம்? ஆனி மாதம் மேல்காற்று எழும்பியது. பிடித்து வைக்க வேர் இல்லாத செம்மணல் புகைபோல எழும்பிப் பறந்தது. பறந்தது குளத்தில் விழுந்தது. விழுந்த மணல் வெளியே போகவே இல்லை.

குளம் ஓரத்திலிருந்து சுருங்கியது. இன்று கரை இருந்த இடத்தில் நாளைக்கு மணல். மீன்கள் செத்து மிதந்தன. நெட்டைக்காதன் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடுதான். ஆடி பிறக்கும்போது அவ்வளவு பெரிய குளம் ஒரு மாட்டுத்தொட்டி அளவுக்கு வந்துவிட்டது.

நீலமணி பறக்கத் தயாரானான். "மதினி, நான் வாய்க்கால் பக்கம் கிளம்புறேன். அங்க மீன் இருக்காம்."

"கொழுந்தனாரே! என் பிள்ளைகளுக்கு இன்னும் இறக்கை முளைக்கலையே! நான் எப்படி வர்றது?"

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?" என்றான் நீலமணி. பறந்தே போய்விட்டான்.

பவளத்துக்கும் இறக்கை இருந்தது. ஒரே எழும்பில் அவளும் போய்விடலாம். ஆனால் கீழே மூன்று வாய்கள் அவளைப் பார்த்துத் திறந்திருந்தன. குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்கும் வரை தண்ணீர் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஆனால் அதுவரை நிற்காது என்று அவளுக்கே தெரிந்தது.

"ஆண்டவனே! நான் பேசின பேச்சுக்கு என்னைத் தண்டி. இதுகளை விட்டுடு!" என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது எதிரே மணல் சரிவு. எங்கு பார்த்தாலும் செக்கச்செவேல் என்று ஒரே மணல். அதன் நடுவில் ஒரே ஒரு கோடு மட்டும் பச்சையாக இருந்தது. ஒரு எருமை அகலத்துக்குப் புல். காற்று அந்தக் கோட்டை ஒன்றும் செய்யவில்லை. அந்த இடத்தில் மட்டும் மணல் அசையாமல் கிடந்தது.

பவளம் ஓடிப்போய்ப் பார்த்தாள். புல்லின் அடியில் காய்ந்த குளத்துச் சேறு. பழைய சாணம். வேர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

"இது கரியாத்தா போற பாதையாச்சே!" என்று கத்தினாள். "மற்ற இடத்துப் புல்லெல்லாம் கருகிப்போச்சு. அவ சேறு உதிர்ந்த இடத்துப் புல்லு மட்டும் நிக்குதே!"

சட்டியப்பன் தலையை வெளியே நீட்டினான். "தாயி, இன்னொன்னும் இருக்கு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். குளத்துக்கு அடியில சுனைக்கண்ணு இருக்கு. அவ புரள்ற இடம்தான். தினமும் அவ சேத்தை அள்ளிக்கிட்டுப் போனதாலதான் அந்தக் கண்ணு அடைக்காம இருந்துச்சு. இப்ப மணல் மூடிக்கிச்சு. நானும் தோண்டிப் பார்த்தேன். என் காலு எந்த மூலைக்கு?"

பவளம் யோசிக்கவில்லை. குஞ்சுகளைச் சட்டியப்பனின் ஓட்டு நிழலில் விட்டாள். நெட்டைக்காதனைக் காவல் வைத்தாள். பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டின்மேல் பறந்தாள். அந்தப் புல்பாதை அவளை நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம், முள் நிறைந்த உடைமரத்தின் அரைகுறை நிழலில் எருமைகள் நின்றிருந்தன. சேறு இல்லாத தோல் வெடித்துக் கிடந்தது. காக்கைகள் புண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன.

சடைச்சி என்ற இளைய எருமைதான் அவளை முதலில் பார்த்தாள். "யாரு? மகாராணியா! தள்ளியே நில்லுங்க. எங்க காத்து பட்டா அசிங்கமாயிடுவீங்க!"

"நான் பேசினது தப்பு" என்றாள் பவளம். "உங்க அருமை தெரியாம பேசிட்டேன். குளம் வத்திப்போச்சு. சுனைக்கண்ணு அடைச்சுக்கிச்சு. என் பிள்ளைங்க மூணும் சேத்துல கிடக்கு."

"கிடக்கட்டும்! போகாதீங்க அத்தை!" என்றாள் சடைச்சி. "நம்மளுக்கு மனசு இல்லன்னு சொன்னவதானே?"

கரியாத்தா பவளத்தின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தோல் தடிமன்தான் தாயி. காது தடிமன் இல்லையே!" என்றாள்.

பவளம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா நான் கோவிச்சுக்கிட்டு மட்டும் போகல. உன் கூடு சரிஞ்சது எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக் கிடந்துட்டேன். நீ திட்டினப்புறம்தான் கோரைப் பக்கம் திரும்பினேன். முட்டை ஓடு மிதந்துச்சு. பிள்ளைய இழந்தவகிட்ட நான் என்னத்தைப் பேச? அதான் வாயை மூடிக்கிட்டுப் போயிட்டேன்."

பவளத்தால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அந்த வெடித்த முதுகின்மேல் போய் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அழுதுகொண்டே, கொத்த வந்த காக்கையை விரட்டியும் விட்டாள்.

"அழுது முடிச்சியா? குஞ்சுக மூணுன்னா சொன்ன? வா, போவோம்!" என்றாள் கரியாத்தா.

சடைச்சி மூக்கை உறிஞ்சினாள். "நீங்க போனா நான் மட்டும் இங்க நின்னு என்ன செய்ய?" என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

எருமைகள் சரிவில் இறங்கியபோது நெட்டைக்காதனின் பிள்ளைகள் வாலைத் தூக்கிக்கொண்டு குதித்தன. குளத்தில் இரண்டு கை தண்ணீர்கூட இல்லை. குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

கரியாத்தா மணலை முகர்ந்து முகர்ந்து நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். தொப்பென்று விழுந்தாள். புரண்டாள். ஒன்றும் வரவில்லை.

எழுந்தாள். அப்பிய மணலோடும் சேற்றோடும் கரையேறிச் சரிவில் உடம்பை உதறினாள். திரும்ப வந்து விழுந்தாள். அடுத்து சடைச்சி விழுந்தாள். ஒன்று எழுந்தால் ஒன்று விழுந்தது. குழி ஆழமானது. அப்போதும் ஒன்றும் வரவில்லை.

"அத்தை, போதும். உங்க புண்ணெல்லாம் ரத்தம் வருது!" என்றாள் பவளம்.

"சும்மா இரு தாயி!"

கரியாத்தா இன்னொரு தடவை புரண்டாள். சட்டென்று அசையாமல் படுத்துக்கொண்டாள். பவளம் பதறி அருகே ஓடினாள்.

"என்ன ஆச்சு அத்தை?"

"ஷ்! வயித்துக்குக் குளுகுளுன்னு இருக்கு!" என்று கரியாத்தா சிரித்தாள்.

அவள் எழுந்த பள்ளத்தில் மணல் நனைந்தது. பிறகு மினுங்கியது. பிறகு கண்ணீர் சுரப்பதுபோல மெல்ல மெல்லத் தண்ணீர் ஊறி வந்தது. கலங்கல் தண்ணீர்தான். பவளம் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றும் அந்தச் சேற்றுத் தண்ணீரைக் குடித்தன. அதைவிட அழகான தண்ணீரைப் பவளம் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"ஆண்டவனே, நீ இருக்கிற!" என்றாள்.

அன்றிலிருந்து எருமைகள் தினமும் வந்தன. பவளம் கூட்டை ஓரத்து நாணலுக்கு மாற்றிக்கொண்டாள். இறங்கும் முன் கரியாத்தா "ம்மா" என்று ஒரு குரல் கொடுப்பாள். பவளம் குஞ்சுகளைக் கூப்பிட்டு அணைத்துக்கொள்வாள். நெட்டைக்காதன், "இன்னைக்கு இந்தப் பக்கமா ஏறுங்க அத்தை, இங்கதான் மணல் நகருது!" என்று தினமும் ஒரு புது வழி காட்டுவான். எருமைகள் அந்த வழியே போய்ச் சேற்றை உதிர்க்கும். முளைத்த புல்லைத் தன் பிள்ளைகள் வேரோடு பிடுங்காமலும் அவன் பார்த்துக்கொண்டான்.

ஐப்பசி மழை வந்தது. சரிவெல்லாம் பசேலென்று புல் பிடித்தது. மணல் இருந்த இடத்திலேயே அடங்கிக் கிடந்தது. குளம் கரைதொட்டு நின்றது. பவளத்தின் குஞ்சுகள் ஒருநாள் காலையில் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பறந்து காட்டின. சட்டியப்பன்கூடக் கழுத்தை முழுசாக நீட்டிப் பார்த்தான்.

அப்போது நீலமணி திரும்பி வந்தான். கிளையில் உட்கார்ந்து கீழே பார்த்தான்.

"என்ன மதினி, தண்ணி மறுபடியும் கலங்கலா இருக்கு! மீனே தெரியலையே!"

"கண்ணு தெரியலைன்னா கரையில உட்கார்ந்து காத்துக்கிடங்க கொழுந்தனாரே!" என்றாள் பவளம். "சாயங்காலம் தெளிஞ்சிடும். அதுவரைக்கும் எங்க அத்தை குளிக்கட்டும்!"

நடுக்குளத்தில் கரியாத்தா கண்ணை மூடி, சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

கலக்குகிறார்கள் என்று நாம் விரட்டுகிறவர்கள்தான் பல நேரம் நம் ஊற்றுக்கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒருவரைப் போ என்று சொல்லும் முன், அவர் போனால் என்னவெல்லாம் போகும் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.