மன்னித்தாரா, மறந்தாரா?

தத்துவம் என்று பேச்செடுத்தாலே நம்மில் பலர் நைசாக எழுந்து போய்விடுவோம். வேலைவெட்டி இல்லாதவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் சமாச்சாரம் அது என்று ஒரு நினைப்பு. தவமணியும் அப்படித்தான் இருந்தாள். ஒரு மனிதன் எதுவரைக்கும் அதே மனிதன், கொடுத்த வாக்கு யாருக்குக் கொடுத்தது என்றெல்லாம் அவள் யோசித்ததே இல்லை. அப்பா நல்லமுத்துவைக் குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்திய அன்று, அந்தக் கேள்விகள் மொத்தமாக வந்து அவள் கழுத்தைப் பிடித்தன.

நல்லமுத்துவும் அவர் தம்பி கருப்பணனும் ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி ஏற்றிப் போகும் வண்டி வைத்திருந்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒரு விடியற்காலை கருப்பணன் வண்டியை ஓட்ட, நல்லமுத்துவின் ஒரே மகன் மணிமாறன் பக்கத்தில் உட்கார்ந்து போனான். முந்தின நாள் முழுக்க ஓட்டிய களைப்பு. கொஞ்சம் படுத்துவிட்டுப் போகலாம் சித்தப்பா என்று அவன் சொல்லியும், சந்தை தவறிவிடும் என்று கருப்பணன் கிளம்பிவிட்டார். வழியில் கண்ணசந்தார். வண்டி புளியமரத்தில் மோதியது. அவர் பிழைத்தார், மணிமாறன் போய்ச் சேர்ந்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டவரும் கருப்பணன்தான்.

நல்லமுத்து தம்பியை அடிக்கவில்லை, வையவுமில்லை. மகனை எரித்துவிட்டு வந்து, மகள் முன்னால் கையை நீட்டினார்.

"நான் செத்தா கொள்ளி வைக்க மகன் இல்ல. தம்பிங்கிற உரிமைய வச்சுக்கிட்டு அவன் வந்து நிப்பான். விட்றாத. என் வாசல அவன் மிதிக்கக் கூடாது."

தவமணி அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஊரே நல்லமுத்துவைத் தேற்றிக்கொண்டிருந்தது. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவளிடம் உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவும் சத்தியம் மட்டும்தான் கேட்டார்.

வருடங்கள் போயின. நல்லமுத்துவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் கண்ணாடி வைத்த இடம் மறந்தது, பிறகு சாப்பிட்டது மறந்தது, பிறகு மகன் செத்ததே மறந்துபோனது. சாயங்காலமானால் வாசலைப் பார்த்துக்கொண்டு, "தம்பியும் மணியும் இன்னும் வரலியே, வண்டி எங்கயும் நின்னுபோச்சா?" என்பார். வந்துருவாங்கப்பா என்று தவமணி சமாளிப்பாள்.

பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒருநாள் உடைத்தாள். "மணியண்ணன் செத்துப்போச்சுப்பா." எப்படிச் செத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போதுதான் சேதி வந்ததுபோல அவர் நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே, "தம்பிக்குத் தெரியுமா? அவன் தாங்கமாட்டானே, கூட்டிட்டு வா அவன" என்றார். கொஞ்ச நேரத்தில் அதையும் மறந்தார். இனிமேல் அந்தக் கொடுமையைச் செய்வதில்லை என்று தவமணி தீர்மானித்தாள். கண்மூடும்வரை அவர் தம்பியைத்தான் தேடினார்.

இப்போது கருப்பணன் தெருமுனையில் நிற்கிறார். கொள்ளி வைப்பது யார் என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள்.

கருப்பணனை விடக்கூடாது என்று தவமணியின் கணவன் வீரணன் பிடிவாதமாக நின்றான். "சத்தியம் பண்ணினது நீ. வாங்குனது புத்தி தெளிவா இருந்த மனுசன். அதுக்கப்புறம் பேசினது நோயி, மாமா இல்ல."

அப்பாவின் தங்கை ராசம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் மாப்ள, இத்தன நாளு கஞ்சி குடிச்சது யாரு, நோயா? தம்பி தம்பின்னு கெடந்தது எங்கண்ணன் இல்லன்னா, இப்ப நாம யாருக்காக அழுதுகிட்டிருக்கோம்?"

இரண்டுமே நியாயமாகப் பட்டன தவமணிக்கு. அதுதான் வேதனை. எழுந்து தெருமுனைக்குப் போனாள். ஆள் பாதியாக இளைத்து நின்ற சித்தப்பாவைப் பார்த்ததும் பரிதாபம் வந்தது. கூடவே பழைய ஆத்திரமும் வந்தது.

"ஆத்தா, உள்ள விடுன்னு கேக்க வரல," என்றார் கருப்பணன். "ஒண்ணே ஒண்ணு தெரியணும். அண்ணன் என்னயத் தேடுனாருன்னு சொல்றாங்க. மன்னிச்சுத் தேடுனாரா, மறந்துபோய்த் தேடுனாரா? மன்னிச்சிருந்தா வந்து கொள்ளி வைக்கிறேன். மறந்துதான் போனாருன்னா இப்படியே திரும்பிப் போயிடறேன். நீ எதச் சொன்னாலும் நம்புறேன்."

வாசகரே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்கு வாங்கியவரும் தம்பியைத் தேடியவரும் ஒரே மனிதர்தானா? வீரணன், ராசம்மா, இருவரில் யார் சொல்வது சரி? தவமணி என்ன பதில் சொல்ல வேண்டும்?

விடை: என்னைக் கேட்டால், தேடியவரும் நல்லமுத்துதான், அந்தக் கண்ணீரை நோயின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதில் ராசம்மா பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றம் இன்னதென்று அறியாதவரால் அதை மன்னிக்க முடியாது. மகன் செத்ததைக் கேட்ட அன்றும் பாதி உண்மையைத்தான் அவர் கேட்டார். ஆகவே, அவர் தெளிவோடு வாங்கிய வாக்கு நிற்கிறது. அவருக்குப் பதிலாக மன்னிக்க வேறு யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் மணிமாறனை இழந்தவர் அவர் ஒருவர்தானா? தவமணி சொன்னது இது: "அவரு மறந்துதான் போனாரு சித்தப்பா, மன்னிக்கல. கொள்ளிய நானே வைக்கிறேன். நான் மன்னிச்சிட்டேனான்னு எனக்கே இன்னும் தெரியல. ஆனா தனியாப் போக என்னால முடியாது. வாசல மிதிக்காம, இங்கருந்தே சுடுகாடு வரைக்கும் கூட வாங்க."