ஓரக் குழி

ஆறுமுகநயினாருக்கு முப்பத்தொன்பது வயது. முனைவர் பட்டம் வாங்கி ஏழு வருஷமாகியும் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தபாடில்லை. பட்டத்துக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆய்வு வேலையான 'போஸ்ட்டாக்' என்றால் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மருமகன் இன்னும் படித்துக்கொண்டிருப்பதாகத்தான் மாமனார் கல்யாண வீடுதோறும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் சொல்லிக் குற்றமில்லை.

இது மூன்றாவது ஆய்வகம். சென்னையில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, எந்த மருந்துக்கு அவை மடிகின்றன என்று பார்க்கும் இடம். தலைவர் டாக்டர் பியூலா அவனைவிட மூன்று வயது இளையவர். அவன் அவரை மேடம் என்பான், அவர் அவனை நயினார் சார் என்பார். இதில் யார் குரு, யார் சீடன் என்று வெளியாள் குழம்பிப்போவான். நயினாருக்கு மட்டும் அதில் குழப்பமே கிடையாது.

இரண்டு வருஷமாக ஒரே மருந்தைக் கட்டிக்கொண்டு அழுததற்கு அந்தத் திங்கட்கிழமை பலன் கிடைத்தது. அவன் வைத்திருந்தது உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் செல்கள். செல் வந்த சிமிழில் நோயாளியின் பெயர் இருக்காது. பெண், நாற்பத்தொரு வயது, மறுபடி வந்த கட்டி என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்து விட்டு ஆறு நாள் கழித்துப் பார்த்தால், நடுவில் இருந்த அறுபது குழியிலும் எல்லாம் செத்துக் கிடந்தன. மைக்ராஸ்கோப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

வெள்ளிக்கிழமைக்குள் இதை ஆய்வுக் கட்டுரையாக்கிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால் திருச்சியில் ஒரு கல்லூரியில் உத்தியோகம் உறுதி என்று சொல்லியிருந்தார்கள். இங்கே அவன் காலம் அடுத்த மாதத்தோடு முடிகிறது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, மூலைக் குழி ஒன்றில் செல்கள் உயிரோடு இருந்தன.

ஓரக் குழிகளில் நீர் சீக்கிரம் வற்றும். அதனால் அங்கே வெறும் தண்ணீரை ஊற்றி வைப்பதும், செல் போட்டாலும் அதைக் கணக்கில் சேர்க்காததும் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள வழக்கம். மிஞ்சிய செல்களைக் கொட்ட மனசில்லாமல், அந்த ஒரு மூலையில் விட்டு, மருந்தும் போட்டு வைத்தது இவன்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதா என்று மனசு இடித்தது. இது பூசணிக்காய் இல்லை, கடுகு என்று அதைச் சமாதானப்படுத்திக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனான்.

ஓரக் குழிதானே, விட்டுவிடலாமா என்று கேட்டான். பியூலா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

"ஓரத்துல தண்ணி வத்துச்சுன்னா மருந்து நீர்த்துப்போகுமா சார், கெட்டியாகுமா?"

"கெட்டியாகும்."

சொல்லி வாய் மூடுமுன் அவனுக்கு உறைத்தது. அந்த மூலைக்குத்தான் விஷம் கூடுதல். பிழைத்ததும் அந்த மூலைதான்.

ஒருவேளை அந்தக் குழிக்கு மருந்து விட மறந்திருப்பேன் என்றான். இருக்கலாம் என்று பியூலா ஒத்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, அந்தக் குழியின் செல்களைத் தாமே எடுத்துப் புதுத் தட்டின் நடுவில் விட்டார். தம் கையாலேயே மருந்தை இரண்டு மடங்காக ஊற்றினார். கட்டுரையில் முதல் பெயர் உங்களுடையது, அனுப்புவதா காத்திருப்பதா என்று நீங்களே சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அவன் அனுப்பவில்லை. ஆனால் மேடத்திடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

பத்தாம் நாள் காலையில் தட்டை எடுத்துக் கண்ணை வைத்தான். வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை.

சின்னச் சின்னக் கூட்டமாகச் செல்கள் குடியேறியிருந்தன. ஓரமாகத் தட்டையாய்ப் படுத்திருந்த ஒன்று மெல்ல உருண்டு திரண்டது. அதன் நடுவில் மெல்லிய கோடு ஒன்று குறுக்கே நின்றது. நின்றது இரண்டாகப் பிரிந்து இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக நகர்ந்தது. இடுப்பு ஒடுங்கியது. ஒன்று இரண்டானது. முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை, கால் மரத்துவிட்டது.

ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் இரண்டு மடங்கு விஷத்தில், யானையையும் சாய்க்கும் என்று அவன் பீற்றிக்கொண்ட மருந்தில், அவசரமில்லாமல் அது பிள்ளை பெற்றதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இதைக் கொல்லத்தான் இரண்டு வருஷம் செலவழித்திருக்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. அம்மாடி என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். இதை நாம் சாதாரணமாக நினைத்துவிட்டோமே என்று பயமாகவும் இருந்தது.

நிமிர்ந்தால், பியூலா பக்கத்தில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

திருச்சி வேலை கையைவிட்டுப் போன வலி அப்போதுதான் திரும்ப வந்தது. கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

"அறுபது குழி ஒண்ணு சொல்லுது மேடம். ஒரே ஒரு ஓரக் குழி வேற சொல்லுது. இதையா கேக்கணும்?"

பியூலா செல் வந்த சிமிழை எடுத்து அவன் முன்னால் வைத்தார். பெண், நாற்பத்தொரு வயது, மறுபடி வந்த கட்டி.

"இந்தம்மாவுக்கு முதல் தடவை மருந்து கொடுத்தப்ப கட்டி மொத்தமும் கரைஞ்சு போச்சு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க. அன்னைக்கும் ஏதோ ஒரு ஓரத்தை யாரும் எண்ணலை சார்."

நயினார் குறிப்பேட்டை இழுத்து, கணக்கில் சேர்த்த குழிகள் அறுபது என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு அறுபத்தொன்று என்று எழுதினான்.